விசில் பொங்கல்

கே.கே. நகர் ஃப்ளாட்டில் குக்கரில் பொங்கல் வைக்கிறோம். எப்போது 'பொங்கலோ பொங்கல்' சொல்வது?

மூன்றாவது விசிலுக்குச் சொன்னால், "பருப்பு வேகவா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்பார் எதிர்வீட்டுக்காரர். மூடியைத் தூக்கி வைத்துவிட்டுப் பாலைப் பொங்க விடுங்கள். சூரியன் பாத்திரம் பார்ப்பதில்லை.

போகியன்று பழசை எரிக்கணுமாம். வீட்டிலேயே பழசு நான்தானே?

பயம் வேண்டாம் தாத்தா, எரிக்கக் கூடாதவை பட்டியலில் டயர், பிளாஸ்டிக்கோடு நீங்களும் உண்டு! 2018 போகிப் புகையில் சென்னைக்கு வந்த விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின.

பொங்கல் சில வருடம் 14-ம் தேதி, சில வருடம் 15. ஏன் இந்தக் குழப்பம்?

14, 15 என்று மாறி மாறி வருவது லீப் வருடக் கணக்கால். அதோடு தேதியே மெல்ல நகர்கிறது: விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12-ம் தேதியே மகர சங்கராந்திதான். நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பார்க்கிறது, ஆங்கில நாட்காட்டி பருவத்தைப் பார்க்கிறது. அதனால் சராசரியாக 70 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகிறது. அரசாங்க ஃபைல் இதைவிட வேகம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

பொங்கலுக்குப் புதுப் புடவை கேட்டால், "பழசே போதும்" என்கிறார் கணவர்...

1969 ஜனவரி 14 பொங்கலன்று 'மெட்ராஸ்' மாநிலத்துக்கே 'தமிழ்நாடு' என்று புதுப்பெயர் கிடைத்தது என்று சொல்லிப் பாருங்கள்.

காணும் பொங்கலுக்கு மெரினாவில் என்ன காணலாம்?

கடலைத் தவிர எல்லாவற்றையும், அவ்வளவு கூட்டம்! குழந்தையின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அலையில் இறங்காதீர்கள்.