கரண்டு வண்டியும் திம்பம் மேடும்

ஏங் கண்ணு, கோயமுத்தூர்ல இருந்து மைசூர் போறதுக்கா இத்தனை ரோசனை? சத்தியமங்கலம் வழியா போனா 200 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். அதுக்கு எக்செல்லுல ஒரு அட்டவணை, ஃபோன் நெறைய ஆப், வாட்சப்புல ஒரு குழு. ஜாதகம் பாக்காததுதான் பாக்கி. வண்டி வாங்கின அன்னைக்கு மாலை போட்டு போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினே. புகையே வராதுன்னு பெருமை பேசினே. இப்ப வழியில நின்னுருமோன்னு வயித்துல புளியைக் கரைக்குதாக்கும்?

செரி, உக்காரு. நான் சத்தியமங்கலத்துக்காரன். திம்பத்து மேட்டுல பெட்ரோல் கார் நின்னும் பாத்திருக்கறேன், டீசல் லாரி நின்னும் பாத்திருக்கறேன். ரேடியேட்டர் கொதிச்சு ஆவி பறக்க நின்னவங்க எவனும் "எனக்குத் தூரப் பயம்"னு புதுசா ஒரு சீக்குக்குப் பேரு வெக்கலை. தண்ணி ஊத்தினாங்க, பீடி பத்த வெச்சாங்க, போனாங்க.

மொதல்ல அந்தக் காகிதத்துல போட்டிருக்கற கிலோமீட்டரை மறந்துரு. 2020ல நெக்ஸான் கரண்டு வண்டி வந்துச்சே, அதுக்குப் பேட்டரி 30 யூனிட்டு, சோதனைக் கணக்கு 312 கிலோமீட்டர். பொய்யில்லை கண்ணு. ஆனா அது சோதனைக்கூடத்துல வண்டியை உருளை மேல நிறுத்தி, அளந்து அளந்து ஓட்டிப் பாத்த கணக்கு. அந்த உருளைக்குத் திம்பம் இருக்குதா? எதிர்க்காத்து அடிக்குதா? பின்சீட்டுல உன்ற மாமியா பொட்டியோட உக்காந்துக்கிட்டு ஏசியைக் கூட்டச் சொல்றாங்களா? காகிதத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குன்னு வெச்சுக்கிட்டுப் பொறப்படு. மிச்சம் வந்தா அது அம்மன் குடுத்தது.

இந்த மேட்டை இன்னைக்கு நேத்தா ஏறி எறங்கறாங்க? 1790ல திப்பு சுல்தான் மைசூர்ச் சீமையில இருந்து பக்கத்துக் கஜலட்டிக் கணவாய் வழியா படையோட சத்தியமங்கலத்துக்கு எறங்கி வெள்ளைக்காரனோட மோதினாரு. மைசூர்ப் படைக்குப் பீரங்கி இழுத்தது அம்ருத மகால் மாடுக. மாட்டுக்கு எங்கே தண்ணி, எங்கே புல்லு, எந்த மேட்டுல கூடுதலா மாடு கட்டோணும்னு வண்டிக்காரனுக்குத் தெரியும். உனக்கும் தெரியவேண்டியது அவ்வளவுதான்.

இப்பக் கணக்கைக் கேளு. பண்ணாரியம்மனைக் கும்பிட்டுட்டு ஏறினா 27 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடிக்கறதுக்குள்ள முக்கால் கிலோமீட்டர் உசரம் போயிருவே. ஆளும் பொட்டியுமா ஒண்ணரை டன்னுக்கு மேல கனக்கற வண்டியை அத்தாச்சோடு உசரம் தூக்கறதுக்கு மட்டும் நாலு யூனிட்டுக்குப் பக்கம் வேணும். 30 யூனிட்டுப் பேட்டரின்னா ஏழுல ஒரு பங்குக்குக் கிட்ட உசரத்துக்கே போச்சு. தூரத்துக்குச் செலவு தனி. அதுனால பேட்டரி சின்னதா இருந்தா சத்தியிலயே சித்த நேரம் நின்னு ஏத்திக்கோ.

இன்னொண்ணு. மேடு ஏறறப்ப முன்னால காட்டற கிலோமீட்டர் மளமளன்னு எறங்கும். மொகம் வெளுத்துப் பாதியில வண்டியைத் திருப்பிராதே. அது ஜோசியம் சொல்லுது, கண்ணு. இப்ப ஓட்டின ஓட்டத்தை வெச்சுக்கிட்டு இனி ஓடப்போறதைச் சொல்லுது. மேல சமமா ஓடினா அதுவே மனசை மாத்திக்கும். திம்பம் 1,100 மீட்டர், மைசூர் 770. மேடு முடிஞ்சா அக்கட்ட மொத்தத்துல எறக்கம்தான். திரும்பி வாரப்ப இன்னும் கொண்டாட்டம். திம்பத்துல இருந்து பண்ணாரிக்கு எறங்கற வழி பூரா மோட்டாரே பிரேக்காகி, சக்கரம் சுத்தற வேகத்தைக் கரண்டாக்கிப் பேட்டரியில போடும். எந்தப் பெட்ரோல் வண்டியாச்சும் எறக்கத்துல டேங்கை நிரப்பியிருக்குதா? ஒரு வெசயம், பேட்டரி நூறு சதம் ரொம்பியிருந்தா இந்த வித்தை செல்லாது. போடறதுக்கு எடம் வேணுமல்லோ? ஊட்டியில ராத்திரி பூரா ஏத்திக்கிட்டு வெடியால எறங்கறவன் இதை மனசுல வெச்சுக்கோணும்.

காட்டுக்குள்ள ஒரு எச்சரிக்கை. ஆசனூருக்குப் பக்கத்துல காரப்பள்ளம் செக்போஸ்ட்டுன்னு ஒரு எடம். தாளவாடிக் கரும்பு ஏத்திக்கிட்டு வாற லாரியை ஆனைக மறிச்சு நிக்கும். அதுகளுக்கு லாரிச் சத்தம் பழக்கம். உன்ற வண்டி சத்தமில்லாம பூனையாட்ட வரும். ஆனை திரும்பிப் பாக்கறப்ப நீ பக்கத்துல நிப்பே. சத்தமில்லைன்னு பெருமை பேசினியே, அங்கே போய் அதைப் பேசு பாக்கலாம்! மெதுவா போ, தூரமா நில்லு, எறங்கிப் படம் எடுக்காதே.

அந்தக் காட்டைத் தாண்டினா சாம்ராஜ்நகர். இந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. அங்கே காலடி வெச்சா நாற்காலி போயிரும்னு கர்நாடகத்து முதலமைச்சருக பல பேரு வருசக்கணக்கா அந்தப் பக்கமே எட்டிப் பாக்கலை. மைசூர்ச் சீமைக்காரரு சித்தராமையா வந்தாரு. போனாரு, வந்தாரு, மறுபடி போனாரு. 2013ல இருந்து 2018 வரைக்கும் அஞ்சு வருசமும் முழுசா இருந்துட்டுத்தான் எழுந்தாரு. 2023ல திரும்பவும் வந்து உக்காந்தாரு. படிச்சவங்களும் பட்டம் வாங்கினவங்களும் பயந்த பயம் அவ்வளவுதான். உன்ற பயத்துக்கு மட்டும் கொம்பு மொளைச்சிருக்குதா?

சார்ஜ் ஏத்தற எடத்தைப் பத்திச் சொல்றேன். ஃபோன்ல பச்சைப் புள்ளி காட்டுதுன்னு நம்பிப் போகாதே. அங்கே இருக்கற ஓட்டலுக்கோ கடைக்கோ ஒரு போன் போட்டு, "ஏனுங்க, மெசின் ஓடுதுங்களா?"ன்னு கேளு. மனுசன்கிட்ட வாயைத் தொறந்து கேட்டா கௌரவம் கொறைஞ்சிருமா? கம்பெனிக்கு ஒரு ஆப், ஆப்புக்கு ஒரு முன்பணம். அதையெல்லாம் ஊட்டுலயே எறக்கிப் பணமும் போட்டு வெச்சுக்கோ. காட்டுக்குள்ள நின்னுக்கிட்டு சிக்னலைத் தேடி ஃபோனை வானத்துக்குக் காட்டாதே. வேகமா ஏத்தற மெசின்ல 80 சதம் வரைக்கும் ஒரு மணி நேரம் போல ஆகும். அதுக்கு மேல பேட்டரி சூடாகாம இருக்கோணும்னு அதுவே கரண்டைக் கொறைச்சுக்கும். கடைசி இருவதுக்காக அங்கேயே தவம் இருக்காதே. பின்னால ஒருத்தன் நிக்கறான். நஞ்சனகூடு போயிக் கோயிலைப் பாரு, ரசபாளெ வாழைப்பழம் கெடைச்சா வாங்கு. அங்கிருந்து மைசூர் 25 கிலோமீட்டருக்குள்ளதான்.

மைசூர்ல ரூம் எடுக்கறப்ப நீச்சல் கொளம் இருக்குதான்னு கேக்காதே. 15 ஆம்பியர் பிளக்கு இருக்குதா, அதுக்கு எர்த் இருக்குதான்னு கேளு. எர்த் செரியில்லைன்னா வண்டி கரண்டைத் தொடாது. இருந்தா மணிக்கு மூணு யூனிட்டு ஏறும். நீ தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள அதுவும் தின்னு முடிச்சிருக்கும். சந்துல கெடக்கற எக்ஸ்டென்சன் பொட்டியில மட்டும் மாட்டிராதே, ஒயரு உருகிரும்.

அந்தச் சீமைக்குக் கரண்டு ஒண்ணும் புதுசில்லை. சேஷாத்ரி ஐயர் திவானா இருந்தப்ப போட்ட திட்டம் சிவசமுத்திரத்து அருவியில கரண்டு எடுக்கறது. 1902ல அங்கிருந்து கோலார் தங்கச் சொரங்கத்துக்குக் கம்பி வழியா 147 கிலோமீட்டர் கரண்டு போச்சு. அந்தக் காலத்துல உலகத்துலயே நீளமான கம்பிகள்ல அதுவும் ஒண்ணு. ஞாயித்துக்கெழமை பொழுதோட போனா அரண்மனையில ஒரு லட்சத்துக்குக் கிட்ட பல்பு எரியறதைப் பாக்கலாம். அத்தனை பல்பு எரியற ஊருல உன்ற வண்டிக்கு மட்டும் கரண்டு கெடைக்காதா?

பெட்ரோல் காரு மட்டும் பொறந்தப்பவே பங்கோட பொறந்துச்சுன்னு நெனைக்கறியா? 1888ல ஜெர்மனியில பெர்த்தா பென்ஸுன்னு ஒரு அம்மா, புருசங்காரன்கிட்டச் சொல்லாமக் கொள்ளாம, அவரு செஞ்ச காரை எடுத்துக்கிட்டு ரெண்டு பசங்களோட 100 கிலோமீட்டருக்கு மேல அம்மா ஊட்டுக்குப் போனாங்க. உலகத்துல மொதல் நெடும்பயணம்னு அதைத்தான் சொல்றாங்க. வழியில மருந்துக்கடையில எண்ணெய் வாங்கி ஊத்தினாங்க. கொழாய் அடைச்சதை ஊசியால குத்தி எடுத்தாங்க. மேட்டுல பசங்க எறங்கித் தள்ளினாங்க. அந்தம்மாகிட்ட எக்செல்லு இல்லை.

பொறப்படறதுக்கு முன்னால இதைக் கேட்டுக்கோ. காட்டு உயிருக வண்டியில அடிபட்டுச் சாகறதால 2022 பிப்ரவரியில இருந்து திம்பம் வழியில ராத்திரி 9 மணிக்கு மேல காரு போகக்கூடாது. வெடியால 6 மணிக்குத்தான் உடுவாங்க. பேட்டரியில எத்தனை சதம் இருந்தாலும் செரி, பண்ணாரி செக்போஸ்ட்டுல 5 மணிக்கே வந்து நின்னு ஆரன் அடிக்காதே.