வணிகப் பார்வையாளர்

வர்த்தகக் கண்காட்சி என்பது ஒரு துறையின் உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் விற்பனையாளரும் தமக்குள் கொடுக்கல் வாங்கல் பேசுவதற்காகக் கூடும் இடமாகும்; பொருள்கள் பரப்பி வைக்கப்பட்டிருப்பினும் வேடிக்கை பார்ப்போருக்கு அங்கு இடமில்லை. 1967இல் நியூயோர்க்கில் தொடங்கி, இன்று ஆண்டுதோறும் ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடைபெறும் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியே நுகர்வோரை உள்ளே விடுவதில்லை. கொழும்பில், சீனாவின் நன்கொடையாக 1973இல் திறக்கப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்து வளவில் நடைபெறும் கண்காட்சிகளுட் பல பொதுமக்களுக்கும் திறந்தவையே எனினும், தொழில்துறையினரை மட்டும் நாடும் கண்காட்சி எங்கு நடப்பினும் அதன் வாயிலில் 'வணிகப் பார்வையாளருக்கு மட்டும்' என்ற பலகை நிற்பது வழக்கம். அப்பலகையைக் கண்டு திரும்பிச் செல்வோர் ஒரு வகையினர். அப்பலகை இருப்பதனாலேயே மாத்தளையிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வருபவர் மற்றொரு வகையினர். இங்கு ஆராயப்படுபவர் பின்னவரான கருவி ஆர்வலர்.

இவ்வினத்தார் எங்கும் உள்ளனர் எனினும், மாத்தளை மாவட்டத்தில் அவர்கள் செழிப்பதற்குப் புவியியற் காரணம் ஒன்று கூறப்படலாம். 1880இல் மாத்தளையை எட்டிய இருப்புப்பாதை அதற்கப்பால் போகவில்லையாதலால், தண்டவாளம் முடியும் ஊருக்குப் புதிய பொருள் எதுவும் கடைசியாகவே வந்து சேரும் என்பது ஆர்வலரின் அசைக்க முடியாத கொள்கை. கொழும்பு, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கடைத்தொகுதியில் விலை சரிந்துவிட்ட ரவுட்டர் ஒன்றை மாத்தளைத் திருகோணமலை வீதிக் கடைக்காரர் 'புதுவரவு' என்று தூசி தட்டி எடுக்கும்போது ஆர்வலர் விடும் பெருமூச்சு இக்கொள்கையின் வெளிப்பாடேயாகும். தொழிலால் அவர் ஆசிரியராகவோ, இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கிளாக்கராகவோ, கூட்டுறவுச் சங்கக் காசாளராகவோ இருக்கலாம். தொழில் எதுவாயினும், இன்னும் விற்பனைக்கு வராத பொருளின் குறைகளை அவர் ஏற்கனவே அறிந்திருப்பார்.

வாயிலைக் கடக்க அவர் கையாளும் வழி சட்டபூர்வமானது என்பதை இங்கு வலியுறுத்தவேண்டும். சொந்தப் பெயரல்லாத ஒரு பெயரில் தொழில் நடத்துவோர் அப்பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது 1918ஆம் ஆண்டின் வணிகப் பெயர்கள் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் நடைமுறை. தொழிலுக்குப் பெயர் வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆர்வலரோ பெயரை முதலில் எடுத்துவைத்தால் தொழில் பின்னால் வந்து சேரும் என்று நம்பி, கிராம உத்தியோகத்தரின் சான்றும் கையுமாக, மாவட்டத்தின் 11 பிரதேச செயலகங்களுள் தமக்குரியதை நாடுகிறார். பதியப்படும் பெயர் பெரும்பாலும் இரண்டு முதலெழுத்துகளும் 'சொலூஷன்ஸ்' என்ற சொல்லும் கொண்டதாயிருக்கும். தீர்வுகள் என்பது அதன் பொருள். எந்தச் சிக்கலுக்கு என்று கிராம உத்தியோகத்தர் இதுவரை கேட்டதில்லை. அடுத்து அச்சகத்தில் 'முகாமைத்துவப் பணிப்பாளர்' என்று பொறித்த அட்டைகள் நூறு தயாராகின்றன. நிறுவனத்தின் ஒரே ஊழியரும் அவரே என்பதால் அங்கு தொழிற்சங்கப் பிணக்கு தோன்றுவதில்லை.

கண்காட்சிப் பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: கொள்வனவு பற்றிய தீர்மானத்தில் உங்கள் பங்கு யாது? ஆர்வலர் சற்றும் தயங்காமல் 'இறுதி முடிவு எடுப்பவர்' என்ற கட்டத்தில் அடையாளமிடுகிறார். தேங்காய் வாங்குவதற்கும் வீட்டாரின் ஒப்புதல் பெறவேண்டிய ஒருவருக்கு, இந்த ஒரு கணத்துக்காகவே கொழும்புக்கு வந்தது தகும்.

உள்ளே சென்றபின் அவரைக் காட்டிக்கொடுப்பது அவருடைய அறிவே. உண்மையான வியாபாரி காட்சிக்கூடத்தின் முன் நின்று, கடன் தவணை எத்தனை நாள், கழிவு எத்தனை வீதம் என்ற இரண்டையும் கேட்டுவிட்டுப் பகலுணவு எங்கே என்று விசாரிப்பார். பொருளை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆர்வலரோ கருவியைக் கவிழ்த்துப் பார்த்து, வெப்பம் எவ்வழியே வெளியேறும், உள்ளிருக்கும் மென்பொருளை எத்தனை ஆண்டுகள் புதுப்பித்துத் தருவீர்கள் என்று கேட்கத் தொடங்கவே, விற்பனைப் பிரதிநிதி வியர்த்துப்போய்ப் பொறியியலாளரைத் தேடி ஓடுகிறார். ஆபத்தான கட்டம் இதன் பின்னரே வருகிறது. குறைந்தபட்சக் கொள்வனவு அளவு, அதாவது ஒரே தடவையில் இத்தனைக்குக் குறையாமல் வாங்கவேண்டும் என்று உற்பத்தியாளர் விதிக்கும் எண்ணிக்கை, ஐந்நூறு என்று சொல்லி, "சேர் எத்தனை எடுப்பீங்க?" என்று அப்பிரதிநிதி கேட்கும்போது, இவ்வினத்தார் எல்லோரும் வாய்ப்பாடாகக் கூறும் மறுமொழி ஒன்றே: "முதல்ல ஒரு சாம்பிள் தாங்க, பிறகு பார்ப்பம்."

மாலையில் அவர் சுமந்து செல்லும் இலவசப் பைகளைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. மாத்தளைச் சந்தையில் பாகற்காய் வாங்கும் அம்மா ஒருவரின் கையில் தரவுச் சேமிப்பு நிறுவனமொன்றின் பை தொங்குமாயின், அவரது மகன் யாரென்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் அட்டைகள் நூறும் கொழும்பிலேயே தீர்ந்துபோவதில்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு நேர்ந்தபோது, எந்தப் பற்றரி எத்தனை மின்விசிறியைத் தாங்கும், இன்வேட்டர் என்ற மின்மாற்றுக் கருவியில் எது அசல், எது போலி என்று சொல்லத் தெரிந்தவர்களைத் தேடி மாத்தளை அலைந்தது. மிளகுக் கடை முதலாளி முதல் பாடசாலை அதிபர் வரை அந்த அட்டையிலிருந்த எண்ணுக்கே தொலைபேசி எடுத்தனர். முகாமைத்துவப் பணிப்பாளர் வீடு வீடாகச் சென்று பார்த்தார், கணக்கிட்டார், கம்பி மாற்றினார். கூலி கேட்கக் கூசி, பிளேன்டீயும் அரைக்கிலோ மிளகும் பெற்றுக்கொண்டு திரும்பினார். அவரது நிறுவனத்தின் இன்றுவரையான மொத்த வருமானம் மிளகாகவே உள்ளது.

இத்தகையவருக்காக வாயிலை எல்லோருக்கும் திறந்துவிடலாமே எனின், அதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1995 முதல் தொழில்துறையினருக்கு மட்டும் நடந்த ஈ3 என்னும் காணொளி விளையாட்டுக் கண்காட்சி, 2017இல் பொதுமக்களுக்கு 15,000 அனுமதிச் சீட்டுகளை விற்றது. 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டது. இரண்டாவது நிகழ்வுக்கு முதலாவதே காரணம் என்று ஆர்வலர் சாதிப்பார். வணிக உலகம் அதனை ஏற்காது. ஆனாலும் பொருளைச் செய்பவரையும் விற்பவரையும் விட அதனை நன்கு அறிந்த ஒருவரைப் பொய்யான கட்டத்தில் அடையாளமிடச் செய்வது முறையன்றாகையால், ஏற்பாட்டாளர்கள் தம் படிவத்தில் 'ஆர்வலர்' என்று ஒரு கட்டம் சேர்ப்பது நல்லது. சேர்த்தாலும் அவர் 'இறுதி முடிவு எடுப்பவர்' என்பதிலேயே அடையாளமிடுவார் என்பதையும் அவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.