வீடும் ஆடித் தின்னட்டுமே

வா தம்பி, இரு. என்ன சொன்னனீ? எங்கட ஸ்ட்ரோம்மன் கடைச் சுவரிலையும் எல்ஈடி பூட்ட வேணுமோ? ஆக்கள் முன்னாலை நிண்டு கையை ஆட்ட, சுவர் நிறம் மாற வேணுமோ? நல்லது. ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாமல் தின்னும் எண்டு எங்கட அப்பு சொல்லுவார். உன்ர வீடு ஆடி ஆடியே தின்னப்போகுது.

புதுப் புதினம் எண்டோ துள்ளுறாய்? கொழும்பிலை வெசாக் தோரணம் பாத்திருக்கிறியோ? எங்கை பாத்தாய், நீ பிறந்தது இஞ்சை நோர்வேயிலை. கண் கொள்ளாத பல்ப். பின்னாலை போய்ப் பார், ஒரு மர உருளை. அதிலை செப்புத் தகட்டை வெட்டி அடிச்சிருப்பினம். உருளை சுத்தச் சுத்தத் தகடு கம்பியிலை முட்டும். முட்டினது எரியும், விட்டது நூரும். சூட்சுமம் அவ்வளவுதான். இப்ப உருளை போய் சிப் வந்திருக்கு. அதோடை ஒரு பெரிய பேரும் வந்திருக்கு.

பெர்லின் பொடியளை மட்டும் நான் மெச்சுவன். 2001 செப்டம்பர். அலெக்சாண்டர்பிளாட்ஸிலை ‘ஆசிரியர் இல்லம்’ எண்டொரு மாடிக் கட்டடம். கேயோஸ் கம்ப்யூட்டர் கிளப்காரர் அதின்ர மேல் 8 மாடியிலை, 144 ஜன்னலுக்குப் பின்னாலை ஒவ்வொரு விளக்கு வைச்சாங்கள். ரோட்டிலை நிக்கிறவன் போன் அடிச்சு, கட்டடத்திலையே பொங் எண்ட கம்ப்யூட்டர் விளையாட்டு விளையாடினான். 2002 பெப்ரவரியிலை எல்லாத்தையும் நூத்துப்போட்டு வெளிக்கிட்டாங்கள். அதுதான் கெட்டித்தனம்! திருவிழாப் பந்தலை வருசம் முழுக்க ஆரும் விடுவினமோ? நிரந்தரமாப் பூட்டினா, கொஞ்சக் காலத்திலை அங்கொண்டு இஞ்சொண்டு நூந்து, என்ர பல்லு மாதிரி இளிக்கும். பிறகென்ன, அதிலை சப்பாத்து மலிவு விற்பனை ஓடும்.

சரி, பூட்டியாச்சு எண்டு வை. ஜூனிலை ராத்திரிப் பத்தரை தாண்டியும் வெளிச்சம். சுவர் எரியிறது ஆருக்குத் தெரியும்? டிசம்பரிலை பின்னேரம் மூண்டேகாலுக்கு முன்னமே சூரியன் விழுந்திடும், இருட்டுக்குக் குறைவில்லை. ஆனா வெளியிலை நிண்டு கை ஆட்ட ஆர் இருக்கினம்? பஸ்ஸாலை இறங்கின சனம் ஒரே ஓட்டமா ஸ்டோர்சென்டர் கடைத்தொகுதிக்குள்ளை. போனாலை விளையாடலாம் எண்டுறியோ? கையுறையோடை தட்டினா போன் கேக்காது. கழட்டினா விரல் விறைக்கும். கொஞ்சம் கடுங்குளிர் எண்டா பற்றரியும் படுத்திடும். கமரா வைச்சா? பனி கொட்டக் கொட்ட, ஆள் வந்திட்டுது எண்டு சுவர் விடிய விடியத் தனியக் கூத்தாடும். எதிர் வீட்டு மனுசி திரைச்சீலையை இழுத்து மூடிப்போட்டு உன்னைத்தான் வைவா.

அசைஞ்சா மினுங்க வேணும், அவ்வளவுதானே உன்ர ஆசை? பின்லாந்துக்காரர் அதைக் கண்டுபிடிச்சு எத்தினை காலம்! றிஃப்ளெக்ஸ், கார் வெளிச்சம் பட்டா மினுங்கிற துண்டு. கறண்ட் இல்லை, சிப் இல்லை. கறுப்பு உடுப்போடை இருட்டிலை வாறவனைக் காரோட்டி 25, 30 மீற்றருக்குள்ளைதான் காணுவான். அந்தத் துண்டு தொங்கினா 140 மீற்றரிலையே கண்டிடுவான். நேற்று ஸ்டேசனடியிலை கறுப்பு ஜக்கெற்றோடை ரோட்டைக் கடந்தியே, கண்டனான். கொம்மா வாங்கித் தந்த றிஃப்ளெக்ஸ் எங்கை? அலுமாரிக்குள்ளை ஆருக்கடா மினுங்குது?