எட்டு போடாமல் உள்ளே போகலாம்

டூவீலர் லைசென்ஸ் வேண்டுமா? பிரேக் இன்ஸ்பெக்டர் கண் முன்னால் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். கால் தரையில் பட்டால் போயிற்று, இன்னொரு நாள் வா என்று அனுப்பிவிடுவார். குரோன் நோயில் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போய், தொட்ட இடமெல்லாம் ரத்தம் கசியும் குடலை லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை வழியே கேமரா விட்டு, அறுக்க வேண்டுமா? தாராளமாக அறுக்கலாம். அறுவை சிகிச்சையில் எம்.எஸ். பட்டம் இருந்தால் இந்த நாட்டில் சட்டம் அதற்கு மேல் தனி உரிமம் எதையும் கேட்பதில்லை. எத்தனை செய்திருக்கிறீர்கள், பக்கத்தில் யார் நின்றார், நோயாளிகளில் எத்தனை பேருக்கு மறுபடி வயிற்றைத் திறக்க நேர்ந்தது? சீச்சீ, ஒரு டாக்டரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இதெல்லாம்!

பயிற்சியே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அமோகமாக நடக்கிறது. வெள்ளி மாலை நட்சத்திர ஓட்டலில் குத்துவிளக்கு. சனி காலை குடல் தைக்கும் ஸ்டேப்ளர் விற்கும் கம்பெனி செலவில் பொங்கல், வடை, வாழ்த்துரை. பிறகு ஒரு பெட்டிக்குள் ரப்பர் வளையங்களை இந்தக் குச்சியிலிருந்து அந்தக் குச்சிக்கு மாற்றும் விளையாட்டு. வரிசையில் நின்று ஆளுக்குச் சில நிமிடம். மத்தியானம் 'லைவ் சர்ஜரி'. எங்கோ மயக்கத்தில் கிடக்கும் ஒரு மனிதரின் வயிறு ஓட்டல் திரையில் சினிமாவாக ஓடும். அறுத்துக்கொண்டே அரங்கத்தின் சந்தேகங்களையும் தீர்த்துவைப்பார் நட்சத்திர சர்ஜன். கைதட்டலும் உண்டு. (இந்தக் கூத்தை எதிர்த்து 2023இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது.) ஞாயிறன்று குரூப் போட்டோ, லேமினேட் செய்த சான்றிதழ். திங்கள் காலை கிளினிக் பெயர்ப்பலகையில் ஒரு வரி கூடியிருக்கும்.

லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுப்பதையே இப்படிக் கற்றால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் மாநிலம் பட்டுத் தெரிந்துகொண்டது. நோயாளிகள் சிலர் செத்து, பலர் படுகாயப்பட்ட பிறகு, 1992இல் அங்கே சுகாதாரத் துறை விதி போட்டது: மேற்பார்வையில் 15 ஆபரேஷனாவது செய்யாதவர் தனியாகத் தொடக்கூடாது. அது வெறும் பித்தப்பை.

குரோன், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகிய குடல் அழற்சி நோய்கள் வேறு ரகம். குரோன் நோயில் குடலைத் தாங்கும் சவ்வே தடித்துக் கிடக்கும். அறுத்தால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. குடலிலிருந்து பக்கத்துக் குடலுக்கோ சிறுநீர்ப்பைக்கோ புரையோடி வழி பிறந்திருக்கும். வெட்டி எடுத்தால் தீர்ந்தது என்றும் இல்லை, திரும்ப வரும். ஆகவே மிச்சம் வைக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் சொத்து. நம் ஊரில் கூடுதலாக ஒரு சங்கடம்: காசநோயா குரோனா என்று பிரிக்க முடியாமல் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கி, ஸ்டீராய்டில் முகம் ஊதி, உடம்பு கரைந்த பிறகே பலர் மேஜைக்கு வருகிறார்கள்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்காரர் கதை இன்னும் நுட்பமானது. பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துப் பையாகத் தைத்து ஆசனவாயோடு இணைக்க வேண்டும். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸும் நிக்கல்ஸும் 1978இல் வெளியிட்ட முறை இது. இடுப்புக்குழிக்குள் கொஞ்சம் தடம் மாறினால் சிறுநீருக்கும் தாம்பத்தியத்துக்குமான நரம்புகள் போகும். இணைப்பு ஒழுகிப் பை கெட்டால் ஆயுள் முழுக்க வயிற்றில் மலப்பை. இருபதுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு நடக்கிற ஆபரேஷன் இது. விளம்பரத் தட்டியிலோ சின்னத் துளை, சின்ன வலி, சீக்கிரம் வீடு!

இதில் கை திருந்த எவ்வளவு காலம்? பெருங்குடல் லேப்ராஸ்கோப்பி 4,852 பேருக்கு நடந்த கணக்கை அலசி 2012இல் ஒரு பன்னாட்டு ஆய்வு வந்தது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து 87 முதல் 152 ஆபரேஷன் வரை ஆகும் என்றது. சரி, அந்த முதல் 87 வயிறு யாருடையது? ஏ.சி. தனியறையில் படுத்திருக்கும் தொழிலதிபருடையதா? கைநாட்டு வாங்கும் சம்மதக் கடிதத்தில் 'டாக்டர் உங்கள் மேல்தான் பழகப்போகிறார்' என்று ஒரு வரி இருக்கிறதா? யாருக்கும் முதல் ஆபரேஷன் என்று ஒன்று உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அப்போது பக்கத்தில் கை தேர்ந்தவர் ஒருவர் நிற்க வேண்டும் என்றுதானே கேட்கிறோம்?

இங்கிலாந்தில் நின்றார்கள். 2008 வாக்கில் தொடங்கிய லேப்கோ என்ற தேசியத் திட்டத்தில், வயிற்றைத் திறந்து அறுத்துப் பெயர் வாங்கிய மூத்த சர்ஜன்களே மறுபடி மாணவர்களானார்கள். பயிற்சியாளர் அருகில் இருந்து கற்றுக்கொடுத்தார். முடிவில் தாங்கள் செய்த ஆபரேஷனின் வெட்டாத வீடியோவைக் கொடுக்க வேண்டும். யாருடையது என்று தெரியாத நிபுணர்கள் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். அமெரிக்காவிலோ, சர்ஜரி போர்டு சான்று வேண்டுமானால் பெட்டிக்குள் ஐந்து வேலைகளை நேரக் கணக்கோடு முடிக்கும் எஃப்.எல்.எஸ். தேர்வில் தேறியிருக்க வேண்டும்.

இங்கே இளம் டாக்டர்களைத் திட்டிப் பயனில்லை. மூன்று வருட எம்.சிஹெச். மேற்படிப்பு முழுக்கக் கேமரா பிடித்தே தோள் மரத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். பெரியவர் கருவியைக் கொடுத்தால்தானே கற்பதற்கு? ஓர் அட்டைப்பெட்டி, ஒரு மொபைல், ஓரங்கட்டிய பழைய கருவி இரண்டு இருந்தால் தினமும் முடிச்சுப் போட்டுப் பழகலாம். அதற்குப் பணம் ஒதுக்காத நிர்வாகம் பல கோடிக்கு ரோபோ வாங்கி வாசலில் பேனர் கட்டுகிறது. ஓட்டுகிறவர் யார் என்று அந்த பேனரில் இருக்காது.

லேப்ராஸ்கோப்பியில் சர்ஜன் எதையும் ஒளிக்க முடியாத வசதி ஒன்று உண்டு. கேமரா இல்லாமல் அந்த ஆபரேஷனே நடக்காது. பதிவு செய்யப் பொத்தானைத் தட்டினால் போதும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தேதி குறித்திருந்தால் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். போன வருடம் இதே ஆபரேஷன் எத்தனை செய்தீர்கள்? எத்தனை பேருக்கு இணைப்பு ஒழுகியது? வெட்டாத வீடியோவைப் பென்டிரைவில் தருவீர்களா? அவர் முகம் சுளித்தால் ஃபைலை எடுத்துக்கொண்டு வேறு டாக்டரைப் பாருங்கள்.