சிங்கப்பூர் கடிதம்: டி.எம்.எஸ்.ஸை எந்தப் பெயரில் தேடுவது?

சிங்கப்பூர், டிசம்பர் 2005



ஜூரோங்கில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். வழக்கமான கோடாலித் தைலமும் சாக்லேட்டும் பெட்டியில் ஏறிவிட்டன. சிக்கல் பாட்டுப் பெட்டியில்தான். மச்சினன் போனில், "மச்சான், ஐபாட் நானோ, கறுப்பு" என்று நிறம் உட்பட ஆணையிட்டுவிட்டான். அப்பாவின் கோரிக்கை அவ்வளவு துல்லியமில்லை. "டேப் ரிக்கார்டர் நாடாவைத் திங்குதுடா. பழைய பாட்டு கேக்கறாப்புல ஏதாச்சும் வாங்கியா."

ஒரே பயணம், இரண்டு பாட்டுப் பிரியர்கள். ஆசாமி ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டுக்கொண்டு சிம் லிம் ஸ்கொயருக்குப் புறப்பட்டார்.

தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆறு மாடி, அத்தனையும் மின்னணுக் கடை. அங்கே விலையை வாயால் சொல்வது அபூர்வம். கடைப் பையன் கால்குலேட்டரில் ஓர் எண்ணைத் தட்டி நீட்டுவான். நீங்கள் அதை அழித்து உங்கள் எண்ணைத் தட்டித் திருப்பித் தர வேண்டும். மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை ஜப்பான்காரன் மின்சாரத்தில் செய்து கொடுத்தது போலிருக்கும்.

"அங்கிள், தவுசண்ட் சாங்ஸ்!" என்றான் முதல் கடைப் பையன்.

இந்த ஆயிரத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 4 ஜிகாபைட் நானோவில் ஆயிரம் பாட்டு என்பது ஆப்பிளின் கணக்கு. ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம், நொடிக்கு 128 கிலோபிட் தரம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அந்தத் தரத்தில் ஒரு நிமிடம் ஏறக்குறைய ஒரு மெகாபைட். நம் சினிமாப் பாட்டு நான்கு நிமிடத்தில் இரண்டாவது சரணத்துக்கே வந்திருக்காது. தொகையறா, இடையிசை எல்லாம் சேர்ந்தால் ஐந்தைத் தொடும். ஆக, ஆயிரம் என்பது எண்ணூறு. வேறு சில பெட்டிகளில் இதே அளவு இடத்துக்கு இரண்டு மடங்கு பாட்டு போட்டிருக்கும். அடியில் பொடி எழுத்தில் தரத்தைப் பாதியாகக் குறைத்திருப்பார்கள். போதாததற்கு, தயாரிப்பாளர்களுக்கு ஒரு ஜிகாபைட் என்றால் நூறு கோடி பைட். கணினி அதை 107 கோடியே சொச்சமாக எண்ணும். 4 என்று வாங்கியது வீட்டுக் கணினியில் 3.7 என்று தெரியும். இதற்காகக் கடைக்காரனோடு சண்டை போட்டுப் பயனில்லை. 1998இல் கொரியாவின் சேஹான் கம்பெனி விற்ற எம்பிமேனில் மொத்தமே 32 மெகாபைட்தான். நம் பாட்டு ஆறு பிடித்திருக்கும்.

பக்கத்துக் கடைக்காரர் உள்ளூர் அபிமானி. கிரியேட்டிவ் கம்பெனியின் ஜென் வகைகளை வரிசையாக எடுத்து வைத்தார். சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கம்பெனி. சவுண்ட் பிளாஸ்டர் அட்டையால் உலகத்துக் கணினிகளையெல்லாம் பேச வைத்தது. 1992இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான முதல் சிங்கப்பூர் நிறுவனம். தலைமையகம் ஜூரோங் ஈஸ்ட்டில்தான். ஐபாட் 2001 அக்டோபரில் வந்தது; கிரியேட்டிவின் நோமட் ஜூக்பாக்ஸ் 2000லேயே 6 ஜிகாபைட்டோடு கடைக்கு வந்துவிட்டது. என்ன, ஆப்பிளுடையது சட்டைப் பையில் போகும். ஜூக்பாக்ஸ் குறுந்தட்டு இயந்திரத்தின் பருமன். முந்தி வந்தவர் பிந்திப்போன கதை நமக்குப் புதிதா?

இந்த ஆகஸ்டில் கிரியேட்டிவுக்கு அமெரிக்கக் காப்புரிமை ஒன்று கிடைத்தது. பாடகர், அதற்குள் ஆல்பம், அதற்குள் பாட்டு என்று படிப்படியாக இறங்கித் தேடும் முறைக்கு. ஐபாடும் அப்படித்தான் தேடுகிறது என்பதால் இரண்டு கம்பெனிகளுக்கும் இடையில் புகைச்சல்.

புதுக்கோட்டைக்காரருக்குத் தலை சுற்றியது இந்த இடத்தில்தான். அப்பா எந்தக் காலத்திலும் பாடகர் பெயரைச் சொல்லிப் பாட்டுக் கேட்டதில்லை. "எம்.ஜி.ஆர். பாட்டுப் போடு", "சிவாஜி பாட்டுப் போடு", அவ்வளவுதான். பெட்டிக்குள் போய்த் தேடினால் இரண்டும் பெரும்பாலும் இருவருக்கும் பின்னணி பாடிய டி.எம்.சௌந்தரராஜன் (டி.எம்.எஸ்.) பெயரில் கிடக்கும். 'கூண்டுக்கிளி' தவிர வேறெந்தப் படத்திலும் சேர்ந்து நடிக்காத இருவரை இப்படி ஒரே அறையில் பூட்டினால் அப்பாவின் ரசிகர் மன்ற நண்பர்கள் சும்மா இருப்பார்களா? ஆல்பத்தில் படப் பெயர், பாடகர் இடத்தில் நடிகர் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் கையால் மாற்றி எழுதலாம். திருட்டு எம்பி3 தட்டிலிருந்து வந்த பாட்டுக்கெல்லாம் பெயரே "டிராக் 07" என்றிருக்க, அதைச் செய்து முடிப்பதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று திரையையே கழற்றிவிட்டது ஐபாட் ஷஃபிள். இந்த ஆண்டு ஜனவரியில் வந்தது, 512 மெகாபைட் அமெரிக்காவில் 99 டாலர். வரிசையாகப் பாடவும் ஒரு விசை உண்டுதான். கலைத்துப் பாடும் பக்கம் விசை தெரியாமல் நகர்ந்துவிட்டால், விடியற்காலையில் சுப்ரபாதத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு டப்பாங்குத்து வரும். சோனியை நோட்டில் ஒரே வரியில் அடித்துவிட்டார்: தன் சொந்த ஆட்ராக் முறையை விட மனமில்லாமல் எம்பி3க்கு மிகத் தாமதமாக இறங்கி வந்த கம்பெனி, அதோடு பாட்டேற்ற அதன் மென்பொருளே வேண்டும்.

பாட்டேற்றுவதுதான் உண்மையான கேள்வி. எந்தப் பெட்டியின் மேலும் அது கொட்டை எழுத்தில் இல்லை. ஐபாடுக்கு ஐட்யூன்ஸ் வேண்டும், அது ஒரே கணினியோடு குடித்தனம் நடத்தும் சாதி. மச்சினன் பிரவுசிங் சென்டரில் போய் வேறொரு கணினியில் செருகினால், உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக நிரப்பட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று தட்டினால் எல்லாம் போச்சு. ஐட்யூன்ஸ் கடையோ இந்தியாவிலும் இல்லை, சிங்கப்பூரிலும் இல்லை. அப்பா வீட்டில் கணினியே இல்லை.

இரவு தொலைபேசி அட்டை போட்டு ஊருக்குப் பேசினார். எத்தனை ஜிகாபைட் என்று விளக்க ஆரம்பித்ததுமே அப்பா இடைமறித்தார். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, கரண்டு போனா பாடுமா?"

ஐபாடுக்குள் இருப்பது நாமே கழற்ற முடியாத பேட்டரி. 2003இல் நியூயார்க்கில் நெய்ஸ்டாட் சகோதரர்கள் இதைக் கண்டித்து, ஐபாட் சுவரொட்டிகளின் மேல் வாசகம் அச்சடித்துப் படமெடுத்தே ரகளை செய்தார்கள். கிரியேட்டிவின் ஜென் நானோ பிளஸ்ஸில் சின்னப் பென்சில் பேட்டரி ஒன்று; பெட்டிக்கடையில் கிடைக்கும். எஃப்.எம். உண்டு, ஆனால் அப்பா கேட்கிற மத்திய அலை வராது. இவர் கண்ணில் பட்டது இன்னொரு ஓட்டை: வெளியிலிருந்து பாட்டை உள்ளே வாங்கும் துளை. டேப் ரிக்கார்டரின் ஹெட்ஃபோன் முனையிலிருந்து ஒரு ஒயரை இதில் செருகினால் கேசட் ஓட ஓட எம்பி3 ஆகிவிடும், கணினி வேண்டாம். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் ஆகும். அப்பாவுக்கு நேரமா இல்லை? ஒரு ஜிகாபைட்டில் பதினாறு கேசட்டாவது அடங்கும். எம்.ஜி.ஆர். கேசட் முதலில், சிவாஜி கேசட் அடுத்து என்று அவர் ஏற்றுகிற வரிசையில் இருந்துவிட்டுப் போகட்டும், பாடகர் பட்டியலே தேவையில்லை.

அப்பாவுக்கு இதுதான் என்று முடிவானது. கால்குலேட்டர் நாலு முறை கைமாறியது. ஒயரைக் கடைக்காரர் இலவசமாகச் சேர்த்தார். மச்சினனுக்குக் கறுப்பு ஐபாட் நானோ 2 ஜிகாபைட். கீறல் விழுகிறது என்று அமெரிக்காவில் வழக்கே போட்டிருக்கிறார்கள் என்று எச்சரித்தும், "பரவால்ல மச்சான், காதுல மாட்டறது வெள்ளைதானே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

கேசட் நாடா அறுந்திருந்தால் ஒட்டுவதற்கு மெல்லிய செலோடேப் ஒரு சுருளும் பெட்டியில் வைத்தாயிற்று. ஜனவரி 12 இரவு திருச்சி விமானம். வேறு யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால் சீக்கிரம் சொல்லுங்கள், இன்னும் இரண்டு கிலோ பாக்கியிருக்கிறது.