கட்டைவிரல் விவசாயம்

வெண்டைக்காய்க்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும். இன்று காலை எங்கள் கல்லூரித் தோட்டத்தில் தன்னந்தனியாக நின்று ஒவ்வொரு காயின் நுனியாக ஒடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஒடியவில்லை. வளைந்து, விட்டதும் நிமிர்ந்து என்னை முறைத்தது.

நான் பொருளாதாரம் நடத்துகிறவன். நாட்டு நலப்பணித் திட்டத்தை என் தலையில் கட்டும்வரை, கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் நுனியை ஒடிப்பதோடு சரி, வெண்டைக்காயோடு என் உறவு.

நேற்றிரவு மாணவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தேன்: 'காலை 6 மணிக்கு வெண்டை பறிக்க வேண்டும்.' மளமளவென்று கட்டைவிரல்கள் முளைத்தன. எங்கள் மண்ணில் வேறெதுவும் இவ்வளவு வேகமாக முளைத்ததில்லை. ஏகலைவன் பாவம், ஒன்றே ஒன்றைக் கொடுத்துவிட்டு அப்புறம் பழைய வேகத்தில் அம்பு விட முடியாமல் தவித்தான். இவர்கள் எத்தனை கொடுத்தாலும் குறைவதில்லை. அந்தக் கட்டைவிரலுக்குப் பொருள்தான் என்ன? வருகிறேன் என்றா, வருகிறவர்கள் வரட்டும் என்றா, படித்தாயிற்று, நச்சரிக்காதே என்றா? மோட்டார் புகைந்துவிட்டது என்றேன், கட்டைவிரல். தக்காளியை ஆடு மேய்ந்துவிட்டது என்றேன். கட்டைவிரல், கூடவே கைதட்டல். மண்வெட்டியைக் காணோம் என்றதற்கு ஒரே ஒரு கட்டைவிரல். எடுத்தவன் அவனாகத்தான் இருக்கும்.

பஞ்சகவ்யத் தொட்டியை விடுதிப் பக்கம் வைத்தபோதுதான் முதன்முறையாகக் குழுவில் முழு வாக்கியங்கள் வந்தன. சாணம், கோமியம், பால், தயிர், நெய் எல்லாம் ஊறும் அந்தத் தொட்டியை இருவேளையும் கலக்கிவிட ஆள் கேட்டேன். மறுபடி கட்டைவிரல்.

பதவிகளுக்குக் குறைவில்லை. நீர்ப்பாசனச் செயலர், உரச் செயலர், ஊடகச் செயலர். அவ்வப்போதாவது வருகிறவர் கடைசியாகச் சொன்னவர் மட்டும். களை தெரியாமல் படமெடுப்பதில் சமர்த்தர்.

மாணவர்களே தோட்டத்தை நடத்துவது பற்றி முக்கியமாக ஒன்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன் இந்தத் தேர்வு அட்டவணை. ஆடிப் பட்டத்தில் விதைக்கிறோம். கத்தரி காய்ப்புக்கு வந்து நிற்கும் நவம்பரில் செமஸ்டர் தேர்வு, பின்னாலேயே விடுமுறை. இதைப் போட்டவர்கள் வீட்டில் ஒரு துளசிச் செடிகூட இருக்காது. பிள்ளைகளை மட்டும் திட்டி என்ன பயன்? திறப்பு விழாவில் மண்வெட்டி பிடித்துப் படமெடுத்துக்கொண்ட பெரியவர்கள் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்களா?

மத்தியானம் ஒரு மாணவர் போன் செய்தார். "சார், சர்டிபிகேட்டுக்கு வருஷம் 120 மணி நேரம் காட்டணும்ல? குரூப்ல ஆக்டிவா இருந்ததையும் சேத்துக்குவீங்களா?"

கேட்டவர் நீர்ப்பாசனச் செயலர்.