முதுகில் சக்கரம் தாங்குதல்: காஞ்சி மரபில் ஒரு பின்பம்பர் ஆய்வு

பல்லவர் சிற்பம், பட்டு நெசவு, அத்திவரதர் என்று காஞ்சிபுரத்தை ஆராய்ந்தவர்கள் அநேகம். காந்தி ரோட்டில் நிற்கும் தார் ஜீப்பின் பின்புறத்தை மட்டும் ஏனோ யாரும் குனிந்து பார்த்ததில்லை. காரணம் இருக்கிறது. அங்கே குனிந்தால் பின்னால் வரும் ஷேர் ஆட்டோ நம் மேல் ஏறிவிடும். அந்த அபாயத்தைப் பொருட்படுத்தாமல் திரட்டிய தரவுகள் கீழே தரப்படுகின்றன.

முதலில் ஆய்வுப்பொருள். கம்பெனி மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரும்புத் தகட்டுப் பம்பரை வைத்து, அதன் ஒரு மூலையில் கீல் பொருத்தி, கீலில் ஒரு கையை ஆடவிட்டு, அந்தக் கையில் ஸ்டெப்னியைத் தொங்கவிடுவது. காடு மேடு ஏறுகிறவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. பெரிய டயர் மாட்டினால் ஸ்டெப்னியும் பெரிதாகிறது. அந்தக் கனத்தைப் பின்கதவின் கீல் வெகுநாள் தாங்காது, கதவு தொய்ந்துவிடும். அதனால் பாரத்தைக் கதவிலிருந்து பம்பருக்கும், பம்பர் வழியாகச் சேசிஸுக்கும் இறக்கினார்கள். பிளாஸ்டிக்கைவிட இரும்பைக் கச்சிதமாக மேலே தூக்கி வளைக்க முடியும். பள்ளத்திலிருந்து ஏறும்போது வால் தரையில் இடிக்காது. யோசித்துச் செய்த வேலை என்பதில் சந்தேகமில்லை, காட்டுக்குப் போகிறவர்களுக்கு.

காஞ்சியில் காடு எங்கே என்று கேட்கலாம். குறிஞ்சியும் முல்லையும் திரிந்தால் பாலை என்று இளங்கோவடிகள் வகை சொன்னார். மருதம் திரிந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. குழாய்க்காகத் தோண்டி, மண்ணை அள்ளிப் போட்டு மூடி, அதன்மேல் மழை பெய்த தெருவை அவர் பார்த்திருக்க நியாயமில்லை. ஆனால் இந்த ஆறாம் திணைக்கும் இரும்புப் பம்பர் அவசியமா என்றால், இல்லை. 2020இல் வந்த தாருக்குத் தரையிடைவெளி 226 மில்லிமீட்டர், முன்பக்கம் 41.8 பாகைச் சரிவில் ஏறும், பின்பக்கம் 36.8 பாகைச் சரிவில் இடிக்காமல் இறங்கும். ஊரிலுள்ள கொடிய வேகத்தடையும் இதன் முன் சமதளம்தான். ஆகவே தேவை நிலத்திலிருந்து பிறக்கவில்லை. வேறெங்கிருந்து என்று பார்ப்போம்.

இம்மண்ணுக்கும் முதுகுச் சக்கரத்துக்கும் உறவு பழையது. பின்கதவில் ஸ்டெப்னி சுமந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2013இலிருந்து மறைமலைநகரில்தான் தயாரானது. வெளிநாடுகளுக்கும் அங்கிருந்தே கப்பலேறியது. தாரை உருவாக்கிய மகிந்திரா ஆய்வு மையம் பக்கத்திலேயே மகிந்திரா சிட்டியில் இருக்கிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். இன்னும் பின்னோக்கிப் போனால், பின்கையில் சக்கரம் தாங்கியவர் வரதர் கோயிலில் நிற்கிறார். இதை நான் சொல்லவில்லை, வலக்கீல் கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள்.

வரதர் கோயிலில் வடகலை தென்கலை வழக்கு எத்தனை தலைமுறையாக நடக்கிறதென்று ஊருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் ஸ்டெப்னிக் கையின் கீல் வலமா இடமா என்பது சும்மா முடியுமா? வலம் என்பவர்கள் பெருமாள் சக்கரம் வைத்திருப்பது வலப் பின்கையில் என்று ஆதாரம் காட்டுகிறார்கள். இடம் என்பவர்கள் திருவெஃகாவுக்கு அழைத்துப்போகிறார்கள். திருமழிசையாழ்வார் சொன்னார் என்பதற்காக எழுந்து போய்த் திரும்பிய பெருமாள், மற்ற தலங்களுக்கு மாறாகத் தலைமாற்றிப் பள்ளிகொண்ட இடம் அது. காஞ்சியில் திசை மாற்றிக்கொள்ளப் பெருமாளுக்கே சம்மதமென்றால் கீலுக்கு என்ன? இரு தரப்பையும் பணிவோடு விலக்கிவிட்டு ஒன்று சொல்லலாம். கதவின் கீல் எந்தப் பக்கமோ, கையின் கீலும் அந்தப் பக்கம் இருப்பதே வசதி. இரண்டும் ஒரே வீச்சில் ஒதுங்கும்.

இனித் தெரிவு. சென்னையில் இப்படிப்பட்ட சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கே ஒரு பட்டுக்கடை முதலாளி, தன்னோடு பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனார். கடைப் பையன் பம்பரைத் தட்டிக் காட்டி, “அறுபது கிலோ சார்! யானை மோதினாலும் அசையாது” என்றான். முதலாளி முகம் மலர்ந்தது. புடவையை உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தே விற்றுப் பழகியவர், கனமென்றால் தரம். நெசவாளர்ப் பெரியவர் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்தார். பம்பருக்கு அடியில் கையை விட்டு, கீல் தூண் வந்து சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“இன்னா தம்பி, இங்க கோர்வையே இல்ல. அங்கங்க ஒட்டு வெச்சிருக்கியே?”

“அது அடிப்பக்கம் தாத்தா, வெளிய தெரியாது.”

“பொடவையவே உள்பக்கம் திருப்பித்தாம்பா பாக்கணும்.”

ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க எழுத வேண்டியதை அவர் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். காஞ்சிப் பட்டின் உயிர் கோர்வையில். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா. ஒவ்வோர் ஊடையும் கரையின் ஊடையோடு பின்னிக்கொண்டே வரவேண்டும். புடவை கிழிந்தாலும் கரை பிரியக்கூடாது என்பது பழைய கணக்கு. பம்பரிலும் சங்கதி அதுவே. தகடு எத்தனை தடிமன் என்பதல்ல கேள்வி, கீல் தூண் பம்பரை ஊடுருவி மேலும் கீழும் சுற்றிலும் வெல்டிங் ஆகியிருக்கிறதா, அல்லது நாலு புள்ளி வைத்து மேலே பட்டி பார்த்துப் பவுடர் கோட்டிங் அடித்திருக்கிறதா என்பதுதான். முப்பது கிலோவைத் தாண்டும் சக்கரம் கையின் நுனியில் தொங்க, ஒவ்வொரு குழியிலும் அந்த மூலைதான் அடி வாங்கும். தூணுக்குள் வெறும் புஷ் இருந்தால் சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும். கூம்பு பேரிங்கும் கிரீஸ் நிப்பிளும் இருந்தால் வாங்கலாம். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று அச்சு இருக்கவேண்டும். தலையில் எதுவுமே எழுதாத போல்ட், முத்திரை இல்லாத ஜரிகை.

பொருத்துதலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எலுமிச்சம்பழம் நசுக்குவதில் இருக்கும் ஊக்கம் மற்றதில் இருப்பதில்லை. சேசிஸில் கம்பெனி விட்ட ஓட்டைகளில் மட்டும் போல்ட் போடவேண்டும். சேசிஸின் மேல் வெல்டிங் வைக்கிறேன் என்பவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வது உத்தமம். பம்பரை ஜாக்கியில் தாங்கி, இருபுறமும் இடைவெளி சமமாக வந்தபின் முறுக்குவார்கள். பலரும் தவறவிடுவது ஒன்று: கொண்டியைச் சக்கரம் இல்லாதபோது சரிசெய்துவிடுவார்கள். சக்கரம் ஏறியதும் கை சற்றே தாழும், கொண்டி பொருந்தாது, பிறகு சுங்குவார்சத்திரம்வரை கடகடவென்று தவில் கச்சேரி. ஸ்டெப்னியை ஏற்றிவிட்டுத்தான் கொண்டியை அமைக்கவேண்டும். ரிவர்ஸ் கேமரா, நம்பர் பிளேட் விளக்கு, மேல் பிரேக் விளக்கு எல்லாவற்றுக்கும் ஒயரை நீட்டிப் புது இடம் பார்க்கவேண்டும். பின்னால் ஏறிய கனத்தில் ஸ்பிரிங் அமுங்கினால் முன்பக்கம் நிமிரும். பிறகு ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில் திரும்பும்போது, 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய 59 மீட்டர் ராஜகோபுரத்தின் கலசத்தை லோ பீமிலேயே தரிசிக்கலாம்.

இத்தனை பாடும் எதற்கு? விடை ஸ்டெப்னியின் உறையில் இருக்கிறது. அந்தக் காலத்து சுமோவிலும் பொலேரோவிலும் வட்ட உறையில் சாமி படமோ பிள்ளைகளின் பெயரோ இருக்கும். முதலாளி கேட்டது கடைப் பெயர், கீழே கைப்பேசி எண், அதற்குக் கீழே ‘ஆடித் தள்ளுபடி’. கரையும் உடலும் மடிப்புகளில் மறைந்துபோனாலும் தோளிலிருந்து விழும் முந்தியை எல்லாரும் பார்ப்பார்கள் என்பது அவர் தொழிலறிவு. முகூர்த்த நாளில் ராஜ வீதியில் நகராமல் நிற்கும் வரிசையில், பின்னால் இருப்பவர் அரைமணி நேரம் படித்தே ஆகவேண்டிய விளம்பரம் அது. காடு மேடெல்லாம் அப்புறம்.

கடைசியாகச் சட்டம். படையெடுத்து வருவோரை எதிர்த்து நிற்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை காஞ்சித் திணை என்கிறது. தொல்காப்பியத்திலோ காஞ்சி என்பது நிலையாமை. பம்பர் மாட்டிய அன்று முதல் இலக்கணம் பொருந்தும், போலீஸ்காரர் கைகாட்டிய அன்று இரண்டாவது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முன்பக்க இரும்புக் காப்புகள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரியை நசுக்கும், மோதலின் விசையை நேரே சேசிஸுக்குக் கடத்தி ஏர்பேக்கின் கணக்கைக் குழப்பும் என்பவை அதற்கான காரணங்கள். நியாயமான காரணங்கள். பின்பக்கம் தப்பியது என்று மகிழ வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. வெறும் வண்டியின் எடையும் அந்தச் சான்றில்தான் இருக்கிறது. 2019 திருத்தத்தில் புது வடிவம் பெற்ற 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும்.

மாற்றம் ஒன்றுக்கு என்ற இடத்தில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். பம்பர் ஒரு மாற்றம், தாங்கி இன்னொரு மாற்றம், ஆக 10,000 என்பது ஒரு தரப்பு. கரையும் உடலும் தனித்தனிப் புடவையா என்பது மறுதரப்பு. முதலாளி இதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கடைப் பையனிடம் திரும்பினார்.

“அப்ப சுத்தியும் நல்லா கோர்த்து வெல்டிங் வெச்சிக் குடுப்பா. அஞ்சாயிரம் மிச்சம்.”